பிளஸ் டூவில் டாப்பர், முதல் செமஸ்டரில் அரியர்: கல்லூரி மாணவர்களின் தேர்வு பயம் எங்கே தொடங்குகிறது?

செமஸ்டர் ரிசல்ட் வரும் இரவு எந்த ஹாஸ்டலிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பல்கலைக்கழக இணையதளம் சுற்றிக்கொண்டே இருக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் "வந்துடுச்சா?", "யாருக்காவது ஓப்பன் ஆகுதா?" என்று வரிசையாக மெசேஜ் விழும். ஒருவருக்கு மட்டும் பக்கம் திறந்துவிட்டால், பக்கத்து அறைகளில் இருப்பவர்களும் அந்த போனைச் சுற்றி நிற்பார்கள். அடுத்த சில நிமிடங்களில் ஒருவர் கத்திக் குதிப்பார். இன்னொருவர் எதுவும் பேசாமல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

கதவைச் சாத்திக்கொண்டவர் மனதில் ஓடுவது "இந்த பேப்பர் போச்சு" என்பது மட்டுமல்ல. "நான் இதுக்கு லாயக்கு இல்ல" என்பதும்தான். முதலாவது ஒரு தேர்வைப் பற்றிய தகவல். இரண்டாவது தன்னைப் பற்றி அவரே எழுதிக்கொள்ளும் தீர்ப்பு. கல்லூரி மாணவர்களின் தேர்வு பயம் குறித்து உளவியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்துவருவது இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் தாவலைத்தான். ஒரு மதிப்பெண் எப்படி ஒரு மனிதரைப் பற்றிய முடிவாக மாறுகிறது? அந்த முடிவு அடுத்த தேர்வை எப்படிப் பாதிக்கிறது? இதில் மாணவர் செய்ய வேண்டியது என்ன, கல்லூரி செய்ய வேண்டியது என்ன? பார்ப்போம்.

ஊரில் முதல் ஆள், வகுப்பில் 45-வது ஆள்

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. தமிழ் வழி. பிளஸ் டூவில் 600-க்கு 561. பள்ளியில் முதல் இடம். ஊர் முனையில் படத்துடன் ஃப்ளெக்ஸ். கணிதம் 96, இயற்பியல் 92, வேதியியல் 94. இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் கணிதத்துக்கு 100, மற்ற இரண்டுக்கும் தலா 50 என்று கணக்கிட்டு 200-க்கு கட்-ஆஃப் போடுவார்கள். அந்தக் கணக்கில் அவருக்கு 189. சென்னையில் நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கிறது.

இங்கேதான் யாரும் அவரிடம் சொல்லாத ஒரு விஷயம் நடக்கிறது. கவுன்சலிங் என்பது அடிப்படையில் ஒரு சல்லடை. ஒரே மாதிரி கட்-ஆஃப் வாங்கியவர்களைச் சலித்து ஒரே வகுப்பில் உட்காரவைக்கிறது. அந்த வகுப்பில் இருக்கும் 60 பேரில் பெரும்பாலானோர் அவரவர் பள்ளியில் முதல் வரிசை ஆட்கள். ஆனால் எந்த வகுப்பாக இருந்தாலும் 60 பேரில் 30 பேர் பாதிக்குக் கீழேதான் இருக்க முடியும். இது வெறும் கணக்கு. யாருடைய திறமையும் ஜூன் மாதத்துக்கும் டிசம்பர் மாதத்துக்கும் நடுவில் கரைந்துபோய்விடவில்லை. சுற்றி இருக்கும் ஆட்கள் மாறிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் 45-வது இடத்தில் இருப்பவருக்கு அப்படித் தோன்றாது. "நான் மக்காயிட்டேன்" என்றுதான் தோன்றும்.

ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களில் இதை ஆராய்ந்து, 'சின்னக் குளத்தில் பெரிய மீன்' என்ற பொருளில் இதற்குப் பெயரும் வைத்தார். ஒரே அளவு திறமை உள்ள இரண்டு மாணவர்களில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் படிப்பவர் தன் படிப்புத் திறனைக் குறைவாக மதிப்பிடுகிறார். சராசரிப் பள்ளியில் படிப்பவர் அதிகமாக மதிப்பிடுகிறார். மார்ஷும் கிட்-டாய் ஹாவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு 26 நாடுகளைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான 15 வயது மாணவர்களின் தரவை எடுத்துக்கொண்டது. கலாசாரம், பணம், பாடத்திட்டம் எல்லாம் வேறுவேறாக இருந்தும் இந்தப் போக்கு பொதுவாகத் தென்பட்டது.

அதாவது, நம்மைப் பற்றி நாம் வைத்திருக்கும் மதிப்பீடு, நமக்கு என்ன தெரியும் என்பதிலிருந்து மட்டும் வருவதில்லை. பக்கத்து பெஞ்சில் யார் இருக்கிறார் என்பதிலிருந்தும் வருகிறது.

'மின்தடை' தெரியும், 'ரெசிஸ்டன்ஸ்' தெரியாது

தமிழ் வழியில் படித்துவிட்டு வருபவர்களுக்கு இன்னொரு திருப்பம் இருக்கிறது. நம் மாணவிக்கு மின்தடை தெரியும், மின்னோட்டம் தெரியும், வகையிடல், தொகையிடல் தெரியும். ஆனால் வகுப்பில் பேராசிரியர் 'ரெசிஸ்டன்ஸ்', 'இன்டெக்ரேஷன்' என்று சொல்லிக்கொண்டு போகும்போது, மனதுக்குள் ஒரு மொழிபெயர்ப்பு நடந்து முடிவதற்குள் பலகையில் அடுத்த வரி வந்துவிடுகிறது. பைத்தான் வகுப்பிலோ, பள்ளியிலேயே கோடிங் எழுதிப் பழகியவர்கள் பத்து நிமிடத்தில் லேப்டாப்பை மூடுகிறார்கள்.

அவருக்கு இங்கே குறைவது ஆங்கிலச் சொற்களோடு பழக்கம், கோடிங்கில் சில மாதப் பயிற்சி. இரண்டுமே பழகப் பழக வரக்கூடியவை. ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில், "வார்த்தை தெரியல" என்பதும் "பாடம் தெரியல" என்பதும் ஒன்றாகவே உணரப்படுகிறது. கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டால் இங்கிலீஷ் தடுமாறும், மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம் வேறு. கேட்காமல் விட்ட ஒரு சந்தேகம் யூனிட் முடிவதற்குள் பத்தாகிவிடுகிறது.

இது ஒருசிலரின் பிரச்சினை அல்ல. மத்திய அரசின் உயர்கல்வி கணக்கெடுப்பின்படி 2021-22-ல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். அகில இந்திய அளவில் அது 28.4 சதவீதம். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று வாசலைத் திறந்துவிடும் திட்டங்கள் இங்கே நிறைய. இதனால் கல்லூரி வாசலையே பார்த்திராத வீடுகளிலிருந்து பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். அது பெரிய சாதனை. ஆனால் உள்ளே வந்த பிறகு 'இன்டர்னல்' என்றால் என்ன, ஒரு பேப்பர் போனால் என்ன ஆகும் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

கேட்கவும் மனசு வராது. "உன்னை நம்பித்தான் இருக்கோம்" என்று சொல்லும் அப்பாவிடம் "மேத்ஸ்ல அரியர்ப்பா" என்று சொல்வது, பேப்பரை மறுபடி எழுதுவதைவிடக் கஷ்டம்.

பயம் மூளைக்குள் என்ன செய்கிறது?

தேர்வு பயத்தில் இரண்டு பாகங்கள் இருப்பதாக 1967-ல் ராபர்ட் லீபெர்ட், லாரி மாரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று உடம்பில் தெரிவது: நெஞ்சு படபடப்பு, கை வியர்ப்பது, வயிற்றைக் கலக்குவது. இன்னொன்று தலைக்குள் ஓடும் பேச்சு: "ஃபெயில் ஆயிட்டா என்ன பண்றது?", "எல்லாரும் எழுதிட்டு இருக்காங்க, நான் மட்டும்தான் முழிக்கிறேன்."

இந்த இரண்டில் மதிப்பெண்ணோடு அதிகம் தொடர்புடையது இரண்டாவதுதான் என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. கை வியர்ப்பது பேனாவைப் பிடிக்கத் தொந்தரவு தரலாம், அவ்வளவுதான். தலைக்குள் ஓடும் பேச்சு, கணக்குப் போடத் தேவையான இடத்தையே ஆக்கிரமித்துக்கொள்கிறது.

மூளைக்கு ஒரு ரஃப் ஷீட் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்கின் மூன்றாவது ஸ்டெப்பைப் போடும்போது முதல் இரண்டு ஸ்டெப்பை அதில்தான் பிடித்து வைத்திருக்கிறோம். அந்த ரஃப் ஷீட் ரொம்பச் சின்னது. அதில் பாதியில் "அப்பாகிட்ட என்ன சொல்றது" என்று எழுதிவிட்டால், கணக்குக்கு மீதிப் பாதிதான். ஹாலில் வராத விடை, வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது சட்டென்று ஞாபகம் வருவது இதனால்தான். விடை எங்கேயும் போகவில்லை. எடுக்கும் வழியில்தான் அடைப்பு.

கொஞ்சம் பதற்றம் நல்லதுதான். தேர்வுக்கு முந்தைய நாள் போனைத் தள்ளி வைக்கவைப்பதே அந்தப் பதற்றம்தான். சிக்கல், "நாளைக்குத் தேர்வு" என்ற பதற்றம் "நான் யார் என்று நாளைக்குத் தெரிஞ்சிடும்" என்ற பதற்றமாக மாறும்போது தொடங்குகிறது.

"நான் படிக்கவே இல்ல மச்சான்"

எந்தத் தேர்வு ஹாலுக்கு வெளியே நின்றாலும் காதில் விழும் வசனம் இது. பாதிப் பேர் சும்மா சொல்கிறார்கள். மீதிப் பேர் நிஜமாகவே படிக்காமல் வந்திருக்கிறார்கள். ஏன்?

1978-ல் எட்வர்ட் ஜோன்ஸ், ஸ்டீவன் பெர்க்லாஸ் என்ற ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். தோல்வி வரும் என்ற பயம் இருக்கும்போது, சிலர் தங்களுக்குத் தாங்களே ஒரு தடையை உருவாக்கி வைத்துக்கொள்கிறார்கள். விழுந்து விழுந்து படித்து ஃபெயில் ஆனால் "எனக்கு மூளை இல்லை" என்று ஆகிவிடும். படிக்காமல் ஃபெயில் ஆனால் "படிக்கல, அதான்" என்று சொல்லிக்கொள்ளலாம். மதிப்பெண் போனாலும் மானம் மிச்சம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரியும். உள்ளே இருப்பது பயம்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அரியரைச் சுற்றி ஒரு நகைச்சுவைக் கலாசாரமே இருப்பதற்கும் இதில் பங்கு உண்டு. "அரியர் வைக்காதவன் அரை மனுஷன்" என்று சொல்லிச் சிரிப்பதும், அரியர் மீம்ஸ் போடுவதும், வலியைக் கொஞ்சம் குறைக்கின்றன. 2020 ஆகஸ்ட்டில், கொரோனா காலத்தில், அரியர் தேர்வுக்குப் பணம் கட்டியவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு என்று தமிழக அரசு அறிவித்தபோது, முதல்வருக்கு நன்றி சொல்லி மாணவர்கள் போஸ்டர் அடித்ததும் பேனர் வைத்ததும் நாடே பார்த்த செய்தி. சிரிப்போடு பார்க்கப்பட்ட அந்த பேனர்களுக்குப் பின்னால், வருடக்கணக்கில் முடிக்க முடியாத பேப்பர்களைச் சுமந்த எத்தனை பேரின் நிம்மதிப் பெருமூச்சு இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஏனென்றால் அரியர் சும்மா நிற்பதில்லை. அடுத்த செமஸ்டரின் பேப்பர்களோடு அதையும் சேர்த்து எழுத வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். மேத்ஸில் அடித்தளம் இல்லாமல் அடுத்த மேத்ஸ் பேப்பர் வரும். மூன்றாம் வருடம் முடியும்போது பிளேஸ்மென்ட்டுக்கு வரும் பல நிறுவனங்கள் "நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது" என்று முதல் வரியிலேயே போட்டுவிடும்.

இப்போது வட்டம் முழுசாகத் தெரியும். ஒரு குறைந்த மதிப்பெண் வருகிறது. "எனக்கு வராது" என்ற முடிவு வருகிறது. அந்தப் பாடத்தைத் திறக்கவே கை வருவதில்லை. வகுப்பு கட், சந்தேகம் கேட்பது நின்றுபோகிறது, "கடைசி வாரம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போகிறது. ஹாலில் ரஃப் ஷீட் முழுக்கக் கவலை. மறுபடியும் குறைந்த மதிப்பெண். "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று மனம் தன் தீர்ப்பைத் தானே உறுதிசெய்துகொள்கிறது. தொடக்கத்தில் தவறாக இருந்த மதிப்பீடு, மூன்று செமஸ்டரில் மார்க் ஷீட்டிலேயே 'உண்மை' ஆகிவிடுகிறது.

டாப்பருக்கும் பயம் வருமா?

வரும். 1978-ல் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், சாதித்த பெண்கள் பலர் "நான் இங்கே இருக்கத் தகுதியில்லை, ஒருநாள் கண்டுபிடிச்சிடுவாங்க" என்ற பயத்துடனேயே இருப்பதைப் பதிவு செய்தார்கள். ஆண்களுக்கும் இது உண்டு என்பது பின்னர் தெரிந்தது. இவர்கள் 9 சிஜிபிஏ வாங்கினாலும் "கொஸ்டின் பேப்பர் ஈஸி" என்பார்கள். நல்ல மதிப்பெண் அதிர்ஷ்டத்தின் கணக்கில் போய்விடும். கெட்ட மதிப்பெண் மட்டும் தன் கணக்கில் ஏறும். இப்படி இருந்தால் எத்தனை முறை ஜெயித்தாலும் நம்பிக்கை சேராது.

இந்தக் கணக்கைப் படிப்பு முடித்து வேலைக்குப் போனவர்களும் கூடவே எடுத்துச் செல்கிறார்கள். லிங்க்ட்இன்னைத் திறந்தால் ஜூனியருக்குப் பதவி உயர்வு, கூடப் படித்தவருக்கு வெளிநாட்டில் வேலை. அங்கே யாரும் தன் ரிஜெக்‌ஷன் மெயிலைப் போஸ்ட் போடுவதில்லை. கல்லூரி வாசலில் தொங்கும் பிளேஸ்மென்ட் ஃப்ளெக்ஸ் செய்யும் அதே வேலையை இப்போது போன் செய்கிறது. குளம் மட்டும் கடலாகிவிட்டது.

மூன்று முறை படித்தும் மறப்பது ஏன்?

தன்னைப் பற்றிய மதிப்பீடு குறைவாக இருப்பது மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். சில சமயம் அது தவறான இடத்தில் அதிகமாகவும் இருக்கும்.

2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 சதவீதம். இதில் வேடிக்கை என்னவென்றால், "ஒரு வாரம் கழித்து எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்" என்று அதிக நம்பிக்கையுடன் சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான்.

பார்த்த பக்கம் பழகிய முகம் மாதிரி. பார்த்தால் தெரியும், பெயர் கேட்டால் வராது. ஹைலைட்டரால் கோடு போட்டு நான்கு முறை புரட்டிய யூனிட் ஹாலில் வராதபோது, மாணவர் "என் மெமரி வீக்" என்று தன்னைக் குற்றம் சொல்கிறார். குற்றம் நினைவாற்றலில் இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. படித்த முறையில்தான் அதிகம். 2013-ல் ஜான் டன்லோஸ்கி குழுவினர் பத்து வகைப் படிக்கும் உத்திகளை எடைபோட்டபோது, கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் அதிகப் பலன் தராதவை என்ற பட்டியலில் விழுந்தன. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் முதலிடம் பிடித்தன.

வட்டத்தை எங்கே உடைக்கலாம்?

"தன்னம்பிக்கையோட இரு", "உன்னால முடியும்" என்ற அறிவுரைகள் ஏன் ஒரு நாளுக்கு மேல் நிற்பதில்லை என்பதற்கு ஆல்பர்ட் பந்துராவிடம் விடை இருக்கிறது. "இந்த வேலையை என்னால் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1977-ல் அவர் விளக்கினார். அவர் சொன்ன நான்கு ஊற்றுகளில் வலுவானது, அந்த வேலையைச் சின்ன அளவிலாவது செய்து முடித்த அனுபவம். அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் அதைச் செய்வதைப் பார்ப்பது. பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைகள் அதற்குப் பிறகுதான். அதாவது, மனதிடம் ஆதாரம் காட்ட வேண்டும். அதை எப்படிச் சேர்ப்பது?

*விடைத்தாளைப் பாருங்கள்.* பல பல்கலைக்கழகங்களில் கட்டணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கலாம். மறுமதிப்பீட்டுக்காக மட்டும் அதை வாங்கும் வழக்கம் இருக்கிறது. அதைவிட முக்கியப் பயன், மார்க் எங்கே போனது என்று தெரிவது. டூ மார்க்கிலா, பெரிய கேள்வியிலா? தெரியாமல் விட்டதா, தெரிந்தும் நேரம் போதாமல் விட்டதா? ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு.

*புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள்.* ஒரு தலைப்பைப் படித்ததும், வெள்ளைத்தாளில் நினைவிருப்பதை எழுதிப் பாருங்கள். முதல் சில நாள் எரிச்சலாக இருக்கும், ஒன்றும் வராது. அந்த எரிச்சல் ஹாலில் வருவதைவிட அறையில் வருவது நல்லது.

*ஒப்பிடும் ஆளை மாற்றுங்கள்.* ஒப்பிடுவதை நிறுத்தச் சொன்னால் யாராலும் முடியாது. வகுப்பில் முதல் ஆளோடு ஒப்பிடுவதற்குப் பதில், போன இன்டர்னலில் தான் எழுதிய தாளோடு ஒப்பிடலாம்.

*பயத்தை எழுதிவிடுங்கள்.* தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் கவலைகளைத் தாளில் எழுதியவர்கள் நன்றாகச் செய்ததாக 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் பின்னர் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. செலவில்லாதது, செய்து பார்க்கலாம். மந்திரமாக நம்ப வேண்டாம்.

கல்லூரிகளின் பொறுப்பு என்ன?

எல்லாவற்றையும் மாணவர் தலையில் கட்டிவிட முடியாது. 60 பேரின் மதிப்பெண்ணையும் வரிசைப்படுத்தி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது கல்லூரி. "அரியர் வச்சவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் சொல்வதும் கல்லூரியில்தான் நடக்கிறது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாணவர்களின் மனநலம் தொடர்பாக நாடு முழுவதற்கும் 15 வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைத் தனித்தனி பேட்ச்களாகப் பிரிப்பதையும், எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் பிற ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். அதற்கு முன்பே, 2025 மார்ச்சில், உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தற்கொலைகளைத் தடுப்பது குறித்து ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவையும் நீதிமன்றம் அமைத்தது.

நீதிமன்றம் இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த ஆண்டு நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். தமிழ்நாட்டில் 1,416 பேர். இதில் பள்ளி மாணவர்களும் அடக்கம். காரணங்களும் பல: குடும்பம், உடல்நலம், உறவுகள், பணம். ஆகவே, எல்லாம் தேர்வால்தான் என்று இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால், உதவி கேட்கலாம் என்று தோன்றாத ஓர் இடத்தில் இத்தனை இளைஞர்கள் தனியாக நின்றிருக்கிறார்கள் என்று சொல்ல முடியும்.

ஆலோசகரை நியமிப்பது ஒரு தொடக்கம். வகுப்பறைக்குள்ளேயே செய்யக்கூடியவை சில உண்டு, செலவும் அதிகமில்லை. முதல் இன்டர்னல் முடிந்த வாரத்திலேயே, எண்ணை மட்டும் தராமல் "இந்த ஸ்டெப் வரை சரி, இங்கே தவறிவிட்டது" என்று எழுதித் தருவது. முதல் செமஸ்டர் பாடங்களுக்குத் தமிழ்-ஆங்கிலக் கலைச்சொல் பட்டியல் ஒன்றைக் கொடுப்பது. முதல் வருடத்தில் தடுமாறி மேலே வந்த சீனியர்களைப் பேசவைப்பது.

கடைசியில் சொன்னதற்கு ஓர் ஆய்வுப் பின்னணியும் உண்டு. 2011-ல் கிரிகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற ஆய்வாளர்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதலாமாண்டு மாணவர்களுக்கு, "எங்களுக்கும் முதல் வருடம் இந்த இடம் அந்நியமாகத்தான் இருந்தது, போகப் போகச் சரியாகிவிட்டது" என்ற சீனியர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். மொத்தம் ஒரு மணி நேர வேலை. அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளையின மாணவர்களுடனான இடைவெளி ஏறத்தாழ பாதியானது. பாடம் எதுவும் கூடுதலாக நடத்தப்படவில்லை. "இது எனக்கு மட்டும் நடக்கல" என்று தெரிந்ததுதான் வித்தியாசம். அங்கே நடந்தது அப்படியே இங்கேயும் நடக்கும் என்று உறுதி இல்லை. ஆனால் திருவண்ணாமலையிலிருந்து வந்த ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி, அங்கிருந்து வந்த முதலாமாண்டு மாணவியிடம் "எனக்கும் எம் ஒன் போச்சு" என்று சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

தேர்வு நேரத்தில் இரண்டு நாள் தூக்கம் வராமல் போவது சகஜம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ சரியில்லை, வகுப்புக்கே போகப் பிடிக்கவில்லை, ஹால் டிக்கெட் இருந்தும் தேர்வு எழுதப் போகவில்லை, நண்பர்களிடமிருந்து ஒதுங்குகிறார் என்றால் அதை 'எக்ஸாம் டென்ஷன்' என்று விட்டுவிடக் கூடாது. "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரிப் பேச்சு ஒருமுறை வந்தாலும் உடனே கவனிக்க வேண்டும். ரூம்மேட்டாக இருந்தால், தனியாக விடாமல் கூடவே இருந்து, "என்ன ஓடுது மனசுல?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104, சென்னையில் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் 044-24640050 ஆகிய எண்களிலும் பேசலாம்.

மறுபடியும் அந்த மாணவிக்கு வருவோம். ரிசல்ட் வந்த இரவு அவர் தனக்குச் சொல்லிக்கொண்டது, "எனக்கு மேத்ஸ் வராது." பணம் கட்டி விடைத்தாள் நகலை வாங்கி, ஒரு சீனியரோடு உட்கார்ந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பெரிய கணக்குகளில் மார்க் போனது ஒரே இடத்தில்: தொகையிட்ட பிறகு எல்லைகளைப் போடும் ஸ்டெப். அதுவரை எல்லாம் சரி. நாலாவது கணக்கு, கேள்வியில் இருந்த ஓர் ஆங்கிலச் சொல் புரியாமல் விட்டது.

"மேத்ஸ் வராது" என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் தீர்வு கிடையாது. "எல்லை போடுற ஸ்டெப்பில் தப்பு பண்றேன்" என்பதற்கு ஒரு வாரப் பயிற்சி போதும்.